அபிஷேகம் கேள்விக்கு விலக்கல்ல

சபையின் வருடாந்தரக் கூட்டம். ஒரு விசுவாசி எழுந்து, கட்டட நிதிக்கு வந்த காணிக்கை எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேட்கிறார். அவர் கேட்டது கணக்கு. பதிலாக வருவது 105ஆம் சங்கீதம். அபிஷேகம் பெற்ற ஊழியர்மேல் கை வைத்தால் என்ன ஆகும் தெரியுமா என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் நினைவூட்டுகிறார். "பாஸ்டருக்குப் பெருமை வந்தா கர்த்தர் பாத்துக்குவாரு, நாம ஜெபிப்போம்" என்று பக்கத்தில் இருப்பவர் சட்டையைப் பிடித்து மெதுவாக உட்காரவைக்கிறார். கேள்வி அத்தோடு முடிந்தது. அடுத்த வருடம் அவர் எழுந்திருக்கவே மாட்டார்.

தமிழ்நாட்டின் பல சபைகளில் இது ஒரு கொள்கையாகவே நிலைத்துவிட்டது. ஊழியருடைய பெருமை அவருக்கும் தேவனுக்கும் இடையிலான விஷயம்; சபை அதில் தலையிட்டால் சபைக்குத்தான் சாபம். இவ்வளவுதான் அந்தக் கொள்கை. பயபக்தியின் சாயலில் வருவதால் அதை யாரும் எதிர்த்துப் பேசத் துணிவதில்லை. ஆனால் வேதம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சபையின் நீண்ட அனுபவமும் கொடுக்கவில்லை. எந்த ஊழியரைக் காப்பதாக அது சொல்லிக்கொள்கிறதோ, அவருடைய ஆத்துமாவைத்தான் அது முதலில் பலிவாங்குகிறது.

அந்தச் சங்கீதத்தையே எடுத்துக்கொள்வோம். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரின் கதையை அது பாடுகிறது. சொந்த நிலம் இல்லாமல், கொஞ்சம் பேராக, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு தேசம் தேசமாக அலைந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்பதே அங்குள்ள செய்தி. எச்சரிக்கை அரியணையில் இருந்தவர்களுக்கு, பாதுகாப்பு நாதியற்றவர்களுக்கு. மேடையும் மைக்கும் சபைச் சொத்தும் கையில் இருக்கும் ஒருவர், கணக்குக் கேட்ட ஒரு விதவைக்கு எதிராக அதே வசனத்தை எடுக்கும்போது அது முழுக்கத் தலைகீழாகிவிடுகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆதியாகமம் 20ஆம் அதிகாரத்தில், மனைவி சாராளைத் தன் சகோதரி என்று ஆபிரகாம் சொன்னதற்காக கேரார் ராஜா அபிமெலேக்கு அவரை அழைத்து, எங்களுக்கு ஏன் இப்படிச் செய்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்கிறான். கேட்டவன் தண்டிக்கப்படவில்லை. தீர்க்கதரிசி என்று அதே அதிகாரத்தில் அழைக்கப்பட்ட ஆபிரகாம்தான் தடுமாறிக்கொண்டு விளக்கம் சொல்கிறார்.

அடுத்து எடுக்கப்படுவது தாவீது. எங்கேதிக் குகையில் சவுல் தனியாகச் சிக்கியபோதும் தாவீது அவனைக் கொல்லவில்லை, அபிஷேகம் பெற்றவன்மேல் கை போடவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் கதையை அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். குகையைவிட்டு வெளியே வந்த தாவீது, சவுலின் அங்கியிலிருந்து அறுத்தெடுத்த துண்டைக் கையில் உயர்த்திப் பிடித்து, உரத்த குரலில் அவனைக் கூப்பிட்டு, ஒரு குற்றமும் செய்யாத என்னை ஏன் வேட்டையாடுகிறீர் என்று கேட்கிறான். சவுலோடு வந்திருந்தவர்கள் 3,000 பேர். தாவீது வாளை எடுக்கவில்லை. வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. அத்தாட்சியோடு, வெளிப்படையாக, மரியாதை குறையாமல் குற்றத்தைச் சொன்னான். இந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் கேட்பது அபூர்வம்.

பெருமையை மட்டும் ஏன் இப்படித் தனியாகப் பேச வேண்டும்? மற்ற பாவங்களுக்கு ஒரு வெட்கம் உண்டு. குடிக்கிறவனுக்குத் தான் குடிப்பது தெரியும். திருடுகிறவன் இருட்டைத் தேடுகிறான். பெருமை அப்படியில்லை. அது பிடித்தவனுக்கே தெரியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அந்தக் கதைதான். அதுவும் கிறிஸ்தவ வாழ்க்கையில் அது வைராக்கியமாகவும் ஜெபமாகவும் உபவாசமாகவும் உருவெடுத்து வருகிறது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ், மனிதனை அலைக்கழிக்கும் எட்டு தீய எண்ணங்களைப் பட்டியலிட்டபோது வீண்புகழ்ச்சியையும் பெருமையையும் கடைசியில் வைத்தார். போஜனப்பிரியமும் இச்சையும் புதியவனைத் தாக்குகின்றன. அவற்றையெல்லாம் ஜெயித்தவனுக்காகக் காத்திருப்பவை அந்த இரண்டும்.

அவருடைய வழியில் வந்த ஜான் காசியன், எகிப்தில் கேட்டறிந்த ஒரு சம்பவத்தை ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். ஹீரோன் என்று ஒரு வயதான துறவி. பாலைவனத்தில் ஐம்பது ஆண்டுகள் கடும் தவம். அவருடைய உபவாசம் எப்படிப்பட்டது என்றால், ஈஸ்டர் அன்று சகோதரர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட அவர் போய்ச் சேர மாட்டார். அவர்களோடு கொஞ்சம் பயறு தின்றால் தன் நியமம் தளர்ந்துவிடும் என்ற பயம். மூத்தவர்கள் சொன்ன ஆலோசனையையும் ஏற்றதில்லை. ஒருநாள் இரவு, தேவதூதன் என்று அவர் நம்பிய ஒன்று சொன்னதைக் கேட்டு, தன் புண்ணியத்தின் பலத்தால் ஒரு ஆபத்தும் வராது என்று ஆழமான கிணற்றில் குதித்தார். சகோதரர்கள் பாடுபட்டு மேலே தூக்கினார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனார். இதில் உறையவைப்பது கிணறு இல்லை. குற்றுயிராய்க் கிடந்த அந்த நாட்களிலும், தான் ஏமாற்றப்பட்டதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை என்கிறார் காசியன்.

ஹீரோனுக்கு ஜெபம் குறைவாகவா இருந்தது? உபவாசம் குறைவா? ஐம்பது ஆண்டுகள் அவரும் தேவனும் மட்டும் என்று வாழ்ந்ததுதான் அவருடைய நோயே. ஒரு பந்தியில் உட்கார்ந்து, அண்ணே இது சரியில்லை என்று பக்கத்தில் இருப்பவன் சொல்லக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பார். பாலைவனத் துறவிகள் இதைப் புரிந்துகொண்டார்கள். தன் எண்ணங்களை மூத்தவர் ஒருவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அவர்களிடம் கட்டாயப் பழக்கமானது. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் எழுதிய துறவு மட ஒழுங்கு இன்னும் ஒரு படி மேலே போனது. முக்கியமான காரியம் எதுவானாலும் மடத்துத் தலைவர் எல்லோரையும் கூட்டி ஆலோசனை கேட்க வேண்டும். இளையவனையும் கேட்க வேண்டும், ஏனென்றால் நல்ல வழியைக் கர்த்தர் பலமுறை இளையவனுக்கே காட்டுகிறார் என்று மூன்றாம் அதிகாரத்தில் விதித்தார். பெருமைக்கு மருந்து ஜெபம் மட்டுமே என்று அவர் நினைத்திருந்தால், தாழ்மையைப் பற்றிய ஏழாம் அதிகாரமே போதும் என்று விட்டிருப்பார்.

கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பவர்கள் 2 நாளாகமம் 26ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். உசியா பதினாறு வயதில் ராஜாவானவன். 52 வருடம் எருசலேமில் ஆண்டவன். மோசமான ராஜா இல்லை, தேவனைத் தேடினவன். பெலிஸ்தரை ஜெயித்தான், கோபுரங்கள் கட்டினான், வனாந்தரத்தில் துரவுகள் வெட்டினான், வேளாண்மையில் பிரியம் வைத்தான். பலப்பட்டபோதுதான் அவன் மனம் மேட்டிமையானது. அந்த மேட்டிமை எந்த உருவத்தில் வெளிப்பட்டது என்று பாருங்கள். அவன் சிலை வைக்கவில்லை, ஆலயத்தை இடிக்கவில்லை. தூபகலசத்தை எடுத்துக்கொண்டு, ஆசாரியர் மட்டும் செய்யவேண்டிய தூபங்காட்டுதலைத் தானே செய்ய ஆலயத்துக்குள் போனான். கூடுதல் ஆராதனை செய்யப் போனான் என்றுகூடச் சொல்லலாம். ஆசாரியன் அசரியாவும் அவனோடு 80 ஆசாரியர்களும் பின்னாலேயே போய் வழிமறித்தார்கள். இது உம்முடைய வேலை இல்லை, வெளியே போம் என்றார்கள். கையில் தூபகலசத்தோடு நின்ற ராஜா அவர்கள்மேல் சீறினான். அதன் பிறகுதான் அவன் நெற்றியில் குஷ்டம் தோன்றியது.

வரிசை முக்கியம். முதலில் மனிதர்கள் எழுந்து நின்றார்கள்; தேவனுடைய கை அதற்குப் பின் வந்தது. அந்த எண்பது பேரும், அவர் அபிஷேகம் பெற்ற ராஜா, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று பிராகாரத்தில் முழங்கால் போட்டிருக்கலாம். போடவில்லை. வேதம் அவர்களைப் பராக்கிரமசாலிகள் என்கிறது.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்று நம் காலத்திலேயே இருக்கிறது. ரவி சக்கரியாஸ் 1946இல் சென்னையில் பிறந்தவர். 1984இல் தம் பெயரிலேயே ஒரு சர்வதேச ஊழிய நிறுவனத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழகங்களில் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடுவதில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு என்று உலகம் நம்பியது. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் அவருடைய புத்தகங்களைப் பெருமிதத்தோடு வாங்கி வைத்தார்கள். 2017இல் ஒரு பெண் அவர்மேல் பாலியல் குற்றச்சாட்டு வைத்தபோது நிறுவனம் அவர் பக்கம் நின்றது. அதையொட்டி எழுந்த வழக்கு, வெளியே பேசக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு முடிந்தது. 2020 மே மாதம் அவர் புற்றுநோயால் இறந்தபோது பெரும் அஞ்சலிகள். சில மாதங்களில் வேறு பெண்கள் பேசத் தொடங்கினார்கள். நிறுவனமே ஒரு சட்ட நிறுவனத்தை நியமித்து விசாரிக்கவைத்தது. 2021 பிப்ரவரியில் வெளியான அறிக்கை 12 பக்கம்தான். அவருக்குப் பங்கு இருந்த மசாஜ் நிலையங்களில் பல ஆண்டுகளாக நடந்த பாலியல் அத்துமீறல்களை அது உறுதிசெய்தது.

அந்த அறிக்கையில் ஒரு இடம் படிக்கிறவரை நிறுத்திவிடுகிறது. வெளியே சொன்னால் என் பெயர் கெடும், என் பெயர் கெட்டால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இரட்சிப்பை இழக்கும், அதற்கு நீதான் பொறுப்பு என்று அவர் எச்சரித்ததாக ஒரு பெண் சாட்சி சொல்லியிருக்கிறார். தன் நற்பெயரும் கிறிஸ்துவின் நற்செய்தியும் ஒன்றே என்று ஒரு மனிதர் நம்பும் நிலைக்குப் பெயர் என்ன? இச்சை அங்கே இருந்தது, சந்தேகமில்லை. அந்த இச்சைக்குக் கதவைத் திறந்துவிட்டது பெருமை. அந்தப் பெருமைக்கு வருடக்கணக்கில் காவல் நின்றவர்கள் அவரைச் சுற்றி இருந்த பக்திமான்கள். 2017இல் அவர் சொன்னதை அப்படியே நம்பியதும், சரியாக விசாரிக்காததும் தவறு என்று நிறுவனத்தின் ஆட்சிக்குழு பிறகு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2017இலேயே நாலு பேர் எழுந்து நின்றிருந்தால், காயப்பட்ட அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைத்திருக்கும். மனந்திரும்ப அவருக்கும் மூன்று வருடம் இருந்திருக்கும். அவரை நேசித்தவர்கள்தான் அந்த மூன்று வருடத்தைப் பறித்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவர்களைச் சொல்லாதீர்கள், எங்கள் ஐயா மிகவும் தாழ்மையானவர் என்று சிலர் சொல்லக்கூடும். சைக்கிளில் வருகிறார், எளிமையாக உடுத்துகிறார், எல்லோருக்கும் முன்னால் அழுது ஜெபிக்கிறார். ஜான் வனியேயைப் பற்றியும் உலகம் அப்படித்தான் சொன்னது. கனடாவின் கவர்னர் ஜெனரலின் மகன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1964இல் பிரான்சின் ஒரு கிராமத்தில் மனவளர்ச்சி குன்றியவர்களோடு ஒரே வீட்டில் வாழத் தொடங்கியவர். அதிலிருந்து பல நாடுகளில் பரவிய ஆர்ஷ் சமூகங்கள் பிறந்தன. தாழ்மைக்கு உதாரணம் கேட்டால் அவர் பெயரைச் சொல்வார்கள். 2019இல் அவர் இறந்த பிறகு, அந்த அமைப்பே நியமித்த ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட அறிக்கை, ஆவிக்குரிய ஆலோசனை என்ற பெயரில் குறைந்தது 25 பெண்கள் அவரால் பாதிக்கப்பட்டதைச் சொன்னது. அவர் செய்த நல்ல வேலை பொய்யில்லை. அந்த வீடுகளில் இன்றும் மனிதர்கள் கண்ணியத்தோடு வாழ்கிறார்கள். ஆனால் ஒருவருடைய எளிமையான தோற்றத்தைப் பார்த்து, இவருக்குக் கேள்வி தேவையில்லை என்று முடிவுகட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

இனி மிரியாம். ஊழியரைப் பேசினால் குஷ்டம் வரும் என்று எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தைக் காட்டிப் பயமுறுத்துவது வழக்கம். அங்கே மிரியாமும் ஆரோனும் மோசேயின் கணக்கைக் கேட்கவில்லை, அநியாயம் ஒன்றைச் சுட்டிக்காட்டவும் இல்லை. எங்கள் மூலமாகவும் கர்த்தர் பேசவில்லையா என்று இடத்துக்குப் போட்டி போட்டார்கள். பெருமை அவர்கள் பக்கம் இருந்தது. மோசே தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வார்த்தையும் பேசவில்லை. குஷ்டம் கண்ட மிரியாமுக்காகக் கெஞ்சி ஜெபித்தான். அதே மோசே, மீதியான் தேசத்து மாமனார் எத்திரோ வந்து, நீ செய்கிற விதம் நல்லதல்ல என்று சொன்னபோது மறுபேச்சுப் பேசாமல் கேட்டு மாற்றிக்கொண்டான். கோராகு கலகம் செய்தபோது, இவர்களிடமிருந்து ஒரு கழுதையைக்கூட நான் எடுத்ததில்லை என்று தேவனுக்கு முன்பாகக் கணக்குச் சொன்னான். வயதான சாமுவேலோ ஒருபடி மேலே போய், இஸ்ரவேலர் அனைவரையும் கூட்டி, யாருடைய எருதை எடுத்தேன், யாரிடம் லஞ்சம் வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்று நின்றார். சபை கேட்பதற்கு முன்பே ஊழியர் தன்னைக் கேள்விக்கு ஒப்புக்கொடுக்கிறார். அபிஷேகத்தின் லட்சணம் இதுதான் என்று ஏன் யாரும் பிரசங்கிப்பதில்லை?

கேள்வி கேட்கிறவனுக்கும் பெருமை வரும் என்பது நியாயமான ஆட்சேபம். வரும். ஆயக்காரனைப் பார்த்து நிம்மதி அடைந்த பரிசேயன் இன்று யூடியூபில் தினமும் ஒரு ஊழியரைக் கிழித்துக்கொண்டிருக்கிறான். அது சத்தியத்தின்மேல் உள்ள அக்கறையில்லை. இதற்காகத்தான் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஒரு முறை கொடுக்கப்பட்டிருக்கிறது: முதலில் தனியாக, பிறகு ஓரிரு சாட்சிகளோடு, அதற்கும் மசியாவிட்டால் சபைக்கு. மூப்பர்மேல் குற்றம் சொன்னால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்றும், பாவம் செய்தவர்களை எல்லோருக்கும் முன்பாகக் கண்டிக்க வேண்டும் என்றும் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். வதந்தியிலிருந்து ஊழியருக்கும் ஊழியரிடமிருந்து சபைக்கும் ஒரே சமயத்தில் பாதுகாப்பு. முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மறைக்கிற சபையில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

பெருமை தனி மனிதரிடம் மட்டும் தங்குவதும் இல்லை. வடக்கன்குளத்தில் 1745 மே மாதம் நீலகண்டப் பிள்ளை ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். திருவிதாங்கூர் அரசு அதிகாரி. சாதி பார்க்காமல் எல்லோரோடும் கலந்து பழகியதும் அவர்மேல் வந்த பகைக்கு ஒரு காரணம். 1752இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், 19ஆம் நூற்றாண்டில், பீடத்தில் மட்டும் சந்திக்கும் இரண்டு சிறகுகளோடு ஒரு தேவாலயம் கட்டப்பட்டது. ஒரு சிறகு வேளாளருக்கு, மற்றொன்று நாடார் உள்ளிட்ட பிறருக்கு. தலைமுறை தலைமுறையாக இரு பக்கத்திலும் முழங்கால்கள் மடங்கின, ஜெபமாலைகள் உருண்டன. இரு சிறகுகளையும் பிரித்த தடுப்பு அசையவில்லை. 1910இல் பங்குக் குரு அதை எடுத்துப்போட்ட பிறகு, அது எங்கள் உரிமை என்று வேளாளர் தரப்பினர் நீதிமன்றம் வரை போனார்கள். மதறாஸ் உயர் நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்கவில்லை. ஜெபித்தால் பெருமை தானாகக் கரையும் என்கிறவர்கள் வடக்கன்குளத்துக்குப் பதில் சொல்லட்டும்.

அதே 1910இல், ஜூன் மாதம், எடின்பரோ மாநகரில் உலக மிஷனெரி மாநாடு. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து மிகச் சிலர். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 35 வயதில் அங்கே பேச எழுந்தார். வீட்டையும் நாட்டையும் விட்டு, காலராவிலும் காய்ச்சலிலும் பிள்ளைகளைப் புதைத்தவர்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய தியாகத்தை அவர் மனமார ஒப்புக்கொண்டார். அதே மூச்சில், இந்திய உடன் ஊழியரோடு சரிசமமாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட மனம் வராத உயர்வு எண்ணம் உங்களிடம் இருக்கிறது, எங்களுக்கு வேண்டியது நட்பு என்று சொன்னார். அரங்கில் சிலருக்குக் கோபம், சிலருக்கு வெட்கம். தியாகம் செய்தவர்களிடமே பெருமை இருக்கக்கூடும் என்பதை அவர்களுடைய பணத்தில் நடந்த மாநாட்டில், அவர்களுடைய மேடையில் நின்று சொல்ல ஒரு தமிழ்க் கிறிஸ்தவருக்குத் தைரியம் இருந்தது. இரண்டு வருடம் கழித்து தோர்ணக்கல் மறைமாவட்டத்தின் ஆயராக, இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப்பாக அவர் அபிஷேகம் பெற்றார். கேள்வி கேட்டதால் ஊழியம் கெட்டுப்போகவில்லை.

இன்று சபைகள் செய்ய வேண்டியது மலையைப் புரட்டுவது இல்லை. டிரஸ்டில் போதகர், அவர் மனைவி, அவர் மகன் என்று மூன்று கையெழுத்து மட்டும் இருந்தால், சம்பந்தமில்லாத இரண்டு மூப்பர்களைச் சேர்க்கச் சொல்லலாம். வெளியிலிருந்து ஒரு ஆடிட்டரை வைத்து, வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. ஒருவரும் குறைசொல்லாதபடி, சபைகளே தெரிந்தெடுத்த ஆட்களைக் கூடவே அனுப்பினார். பவுலுக்குத் தேவைப்பட்டது இன்றைய போதகருக்குத் தேவையில்லை என்று எந்தச் சபை சொல்ல முடியும்? ஒரு பெண் அழுதுகொண்டு வந்து புகார் சொன்னால், அவளை ஊழியருடைய அறைக்கே திருப்பி அனுப்பாமல், அவருக்குக் கட்டுப்படாத ஆட்களிடம் அழைத்துப்போகலாம்.

கடைசியாக ஒன்று சொல்வார்கள்: இப்படியெல்லாம் கேட்டால் ஊழியர் மனம் உடைந்துவிடும், உறவு முறிந்துவிடும். அந்தியோகியாவில் பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன், அதுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்ட புறஜாதி விசுவாசிகளைவிட்டு விலகிக்கொண்டார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார், எல்லோருக்கும் முன்பாக. பேதுரு சாதாரண ஆளா? பவுல் விசுவாசத்துக்கு வருவதற்கு முன்பே பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கித்தவர். சம்பவம் அத்தோடு மறைக்கப்படவும் இல்லை; கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பெயரோடு பதிந்து, சபைகளில் வாசிக்கப்பட்டது. பேதுருவின் இரண்டாம் நிருபம் கடைசி அதிகாரத்தில் பவுலைப் பற்றிப் பேசுகிறது. பிரியமான சகோதரர் என்று அவரை அழைத்து, அவருடைய நிருபங்களை மற்ற வேதவாக்கியங்களோடு சேர்த்து மதிக்கிறது.